ஆண்டியப்பனுக்கு இரண்டாவது குழி

கீச்சென்று ஒலிபெருக்கி அலறியது. மேல்பாறைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அலறல் அடங்கியதும் ஓர் ஆண் குரல் தொண்டையைக் கனைத்தது. பிறகு, மலை முழுவதும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் பேசியது.

"ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறோம். மேல்பாறைத் தோட்டம், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த..."

டப்பென்று குரல் அறுந்தது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

கேஷிகா அரிசிச் சட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய அப்பாவின் குரல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஆண்டியப்பனின் குரல்.

செத்துப்போனவன் எப்படிச் சாவு அறிவிப்பான் என்று அந்தத் தோட்டத்தில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. காலங்காலமாகக் காதில் ஏறிய பழக்கம் மூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வரும்? பூசாரி நாகரத்தினம் சட்டென்று அம்மன் முகத்துக்குத் திரை போட்டு, வாசற்கதவை இழுத்துப் பூட்டிவிட்டார். காப்புக் கட்டிய பிறகு தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் பிணம் குழிக்குள் போகும்வரை அம்மன் கதவு திறக்காது. அடுப்பு மூட்டியிருந்தவர்கள் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். பக்கத்து வீட்டு வினோதா தலையிலடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான், "ஏண்டி, யாருடி செத்தது?" என்று கேட்டாள்.

"ராக்காயிக் கெழவியா இருக்கும். கீழ்ப்பிரிவுன்னுதானே சொன்னாக."

"அதானே. அது இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சே."

ராக்காயி என்று ஒரு வாய் சொன்னதும் அது எல்லா வாய்க்கும் பரவிவிட்டது. பாதிக் கூட்டம் கீழ்ப்பிரிவுக்கு ஓடியது. யோகேஸ்வரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு ஆட்களோடு குறுக்குப் பாதையில் மயானத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டான். தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்டுவது அவன்தான். சொல்லி அனுப்பும்வரை காத்திருக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது.

அப்போதுதான் கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டோவிலிருந்து பைஸர் குதித்தார். கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"மௌத் இல்ல! மௌத் இல்ல! ஒருத்தரும் மௌத்தாகல்ல! என்ட கை தவறிப் போச்சு!"

பைஸர் பொகவந்தலாவை பஜாரில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், திருவிழா, தேர்தல் எதுவென்றாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். சாவென்றாலும் அதேதான். ஆட்டோவின் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய் மரண அறிவித்தல் சொல்ல அவர் வைத்திருந்த ஆள் ஆண்டியப்பன்.

அப்பாவின் குரலில் என்னவோ இருந்தது. அவர் ஒரு பெயரைச் சொன்னால், செத்தவரைத் தெரியாதவனும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிற்பான். அந்தக் குரலால் அப்பாவுக்குக் கிடைத்தது என்ன? யாரும் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். வழியில் பார்த்தால் முகம் வெளிறிப் போவார்கள். அதனால் அவர் யாரிடம் போய் நின்றாலும் முதல் வார்த்தையாக, "சும்மாதாங்க வந்தேன், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். சீனி கடன் கேட்கப் போனாலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் கேஷிகா கையைத் தூக்கினால் போதும், பின்வாங்கிலிருந்து எவனாவது, "ஆழ்ந்த துயரத்துடன்" என்பான். வகுப்பே சிரிக்கும்.

அவர் போன பிறகு வேறு ஆள் வைக்கவில்லை. இப்போது செத்தவர்களின் படம் போனில் வருகிறது, சுற்றிலும் பூப்போட்டு.

அப்பா பாடுவார் என்ற விஷயம் தெரிந்தது இந்த வருஷ ஆரம்பத்தில்தான். ஆட்டோவில் இருந்த பழைய ஒலிபெருக்கிப் பெட்டியைப் பைஸர் கழற்றித் துடைக்கும்போது, அதில் செருகியிருந்த பென் டிரைவில் அப்பாவின் குரல் கிடந்தது. ரெக்கோட் பட்டன் எப்போதோ அமுங்கிப்போய், அறிவித்தல்கள் எல்லாம் தானாகவே பதிவாகியிருந்தன. அறிவித்தல் முடிந்ததும் அப்பா ஸ்பீக்கரை அணைத்துவிடுவார். மைக்கை அணைக்க மாட்டார். திரும்பி வரும் வழியெல்லாம், ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே, தனக்குத்தானே பாடிக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்றிரண்டல்ல, வருஷக்கணக்கில்.

பைஸருடைய தம்பி மகன் நுஸ்கி அதில் ஒரு பாட்டை மட்டும் எடுத்து, முன்னாலிருந்த அறிவித்தலை வெட்டிவிட்டு, மூடுபனிப் படம் ஒன்றோடு போனில் போட்டுவிட்டான்.

*மேட்டு வளைவுல வெளக்கெரியும் – நான்*
*மெதுவா வந்தா வழி தெரியும்*
*காட்டு மழையில நீ நின்ன எடம் – இனி*
*கண்ண மூடினாத்தான் தெரியும்*

அவ்வளவுதான். வலப்பனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ்வரை பஸ்ஸுக்கு பஸ் அந்தப் பாட்டு ஓடியது. கொழும்பில் கடைகளில் நிற்கிற பிள்ளைகளும் குவைத்தில் சமையல் வேலைக்குப் போன பெண்களும், 'இந்த அண்ணன் யாரைக் காதலிச்சாரோ' என்று கண்ணீர்ப் பொம்மை போட்டு எழுதினார்கள். மாதங்கள் போயும் அது ஓயவில்லை. ஹட்டனில் புடைவைக் கடையில் வேலை செய்யும் கேஷிகா, ஒரு நாள் பஸ்ஸில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பக்கத்துச் சீட்டில் இருந்த சிங்களப் பெண்ணுக்குப் பாட்டின் ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அவளும் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரெல்லாம் கேட்ட பாட்டை ஆண்டியப்பனின் தோட்டம் மட்டும் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் கேஷிகா வீட்டில் போனில் அதைப் போட்டாள். இரண்டு வரி போவதற்குள் வினோதா ஈரக் கையோடு ஓடிவந்து, "யாரு? யாரு?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அன்றோடு கேஷிகா நிறுத்திவிட்டாள்.

மிச்சப் பாட்டுகளை அவள் இன்னும் கேட்டதில்லை. எப்படியாவது கொண்டு வந்து கொடுங்கள் என்று பைஸரை நச்சரித்துக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வரும்போது தருவதாக அவரும் சொல்லியிருந்தார். சொன்னபடியே சட்டைப் பையில் கொண்டு வந்தார். அதே பையில் அம்மன் பாட்டு பென் டிரைவும் இருந்தது. இரண்டும் கறுப்பு.

"நான் கண்ணாடி போடல்ல மகள்," என்று பைஸர் அவள் முன்னால் வந்து நின்று சொன்னார். "அம்மன் பாட்டுதான்னு நெனச்சேன்."

"பரவால்ல மாமா. யாருக்கும் ஒண்ணும் ஆகலியே."

போனவர்கள் வந்து சொல்லாமல் பூசாரி கதவைத் திறக்கவில்லை; அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கீழ்ப்பிரிவுக்கு ஓடிய கூட்டம், கம்பளி சுற்றிய ராக்காயியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே வந்தது. கிழவி கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"என்னயப் பாத்து எல்லாரும் ஒப்பாரி வைக்கிறாளுக," என்றாள் ராக்காயி சந்தோஷமாக. "மருமக இப்புடி அழுவாள்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ செத்திருப்பேன்."

கூட்டம் சிரித்தது. பூசாரி சாவியைத் தேடினார். வினோதா நனைந்த விறகை ஓரமாக எடுத்துப் போட்டாள். எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது, எல்லோரும் மறந்தே போயிருந்த யோகேஸ்வரன் மண் அப்பிய காலோடு வந்து நிற்கும்வரை.

"வெட்டியாச்சு," என்றான் மூச்சிரைக்க. "கல்லே இல்ல. தங்கமான மண்ணு. பொணத்த எப்ப எடுக்கிறீங்க?"

அவன் நாற்காலியைப் பார்த்தான். நாற்காலியில் ராக்காயி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அளவு சரியா எடுத்தியா? நான் நெட்டச்சி," என்றாள் அவள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெட்டிய குழியை வெறுமனே மூடக்கூடாது. மூடினால் அது ஆள் கேட்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம். படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் அவர்களும் அந்தக் குழியை மூடப் போக மாட்டார்கள். அதுவும் காப்புக் கட்டின நாளில், அம்மன் கதவு பூட்டியிருக்கும்போது!

கோயில் தலைவர் அழகையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. முன்பு கொழுந்து பறிக்கும் மலையில் கங்காணியாக இருந்தவர். ரிட்டயராகியும் அந்தக் குரல் ரிட்டயராகவில்லை.

"யாரு செஞ்ச வேல இது?"

"நான்தான் தலைவரே," என்றார் பைஸர்.

"நீங்க இல்ல, பைஸர் நானா. உங்க கை தவறும், எங்க கையும் தவறும்." அவர் ஒலிபெருக்கியைக் காட்டினார். "அவன் கொரலுதான் செஞ்சுச்சு. உசுரோட இருந்தப்பவும் அந்தக் கொரலு வந்தா வீட்டுல அடுப்பு அணையும். செத்தும் அணைக்குது."

கேஷிகாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"இப்ப குழிக்கு என்ன செய்யிறது?" என்றார் பூசாரி. "உச்சிக்குள்ள பானை ஏறணும். குழி மூடாம நான் கதவத் தொறக்க மாட்டேன்."

"ஒரு கோழியப் போடுவோம்," என்றான் ஒருவன்.

"திருவிழா நாள்ல கோழிய அறுத்து மயானத்துக்குக் கொண்டு போறியா? நல்லா இருக்கு!"

"அப்ப வாழை?" என்றாள் வினோதா.

"வாழையா குழி வெட்டச் சொல்லுச்சு?" அழகையா பைஸரிடம் கையை நீட்டினார். "அது எங்க, அந்தக் குச்சி? வெட்ட வச்ச கொரலே உள்ள போகட்டும். அதோட தோட்டத்துக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி."

அது நியாயம் போலவே எல்லோருக்கும் பட்டது. அதுதான் கேஷிகாவைப் பயமுறுத்தியது. கோபத்தில் சொன்ன பேச்சென்றால் ஆறிவிடும். இது ஒரு தீர்ப்பு மாதிரி, எல்லோருடைய தலையாட்டலோடும் வந்துவிட்டது. பூசாரிகூட, "சரியாத்தான் படுது," என்றார்.

"மாமா, அது வேற எதுலயாச்சும் ஏத்தி வச்சிருக்கீங்களா?" என்று அவள் பைஸரின் காதோடு கேட்டாள்.

"நுஸ்கி போட்ட அந்த ஒண்ணுதான் மகள். மத்ததெல்லாம் இதுக்குள்ளதான். கல்யாண சீசன், கையில நேரம் இரிக்கல்ல. ஏத்துற மெசின் பஜார்ல கெடக்கு. போய்ட்டு வாறதுக்குள்ள..." அவர் வெயிலைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா," என்றாள் கேஷிகா. அழகையா அவளுக்கு உறவு இல்லை. தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. "பஜாருக்குப் போய் ஒரு பிரதி எடுத்துட்டு..."

"பிரதி எடுத்துட்டுப் பொதைச்சா அது பொதைச்ச மாதிரியா? குழிய ஏமாத்தப் பாக்கிறியா பொண்ணு?"

பைஸர் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. தவறு அவருடையது. தோட்டம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அழகையாவின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

கேஷிகா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"சரி, பொதைங்க," என்றாள்.

அழகையாவே அதை எதிர்பார்க்கவில்லை.

"ஆனா ஒண்ணு. இந்தத் தோட்டத்துல யாரையாச்சும் மொகம் பாக்காம மண்ணுக்குள்ள வச்சிருக்கீங்களா? அநாதைப் பொணமா வந்தவருக்குக்கூட மொகத்துணிய வெலக்கி எல்லாரும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் மூடுனீங்க. எங்கப்பா உள்ள போகப் போறாரு. மொகம் பாருங்க."

"அதுக்கு ஏதுடி மொகம்?" என்றாள் வினோதா மெதுவாக.

"அதுக்கு உள்ளதெல்லாம் கொரலுதான்க்கா. கேக்கறதுதான் மொகம் பாக்கறது. ஒரு தடவ. பொறகு நானே கொண்டு போய் யோகேஸ் அண்ணன் கையில குடுக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பூசாரி அழகையாவைப் பார்த்தார். அழகையா பூசாரியைப் பார்த்தார். முறை என்று வந்துவிட்டால் அவரால் மறுக்க முடியாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு முறை சொன்னவர் அவர்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "அதுவும் கோயில்கிட்ட இல்ல. மயானத்து ரோட்டுல வச்சு."

காப்புக் கட்டியவர்கள் மயானத்துக்குள் இறங்கக் கூடாது. அதனால் எல்லோரும் மேலே, தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டிலேயே நின்றார்கள். சரிவில் கீழே, புது மண் குவியலுக்குப் பக்கத்தில் யோகேஸ்வரன் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். பைஸர் ஆட்டோவை ஓரங்கட்டினார். ராக்காயியையும் விடாமல் தூக்கி வந்திருந்தார்கள். தனக்கு வெட்டிய குழியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள்.

"எதப் போட மகள்?" என்று பைஸர் கேட்டார்.

"ஊரெல்லாம் கேட்டதப் போடுங்க. அதையாச்சும் கேக்கட்டும்."

அவர் இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேடிப் பட்டனை அழுத்தினார். நுஸ்கி வெட்டி எறிந்திருந்த முன்பகுதியோடு அது தொடங்கியது.

"ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறோம். மேல்பாறைத் தோட்டம், தொழிற்சாலை இரவுக் காவலாளியாகப் பணிபுரிந்த சின்னமுத்து அவர்கள்..."

கீழே யோகேஸ்வரன் நிமிர்ந்தான். சின்னமுத்து அவனுடைய அப்பா.

அறிவித்தல் முடிந்தது. க்ளிக். ஆட்டோ இரைச்சல். மழைத் தண்ணீரைச் சக்கரம் கிழிக்கும் சத்தம். அப்புறம், இறங்கிய குரலில், யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பாடுகிறவனின் குரலில், அது வந்தது. *மேட்டு வளைவுல வெளக்கெரியும்...*

தொழிற்சாலைக்கு மேலே இருக்கும் அந்தக் கொண்டை வளைவை அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மழை நாளில் ஆட்டோ வரும் சத்தம் கேட்டால் சின்னமுத்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, டோர்ச்சோடு வந்து வளைவில் நிற்பார். ஆட்டோ திரும்பியதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அதையெல்லாம் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒரு பாட்டுக்கு அது போதும் என்று யாரும் நினைத்ததில்லை.

"காதல் பாட்டுன்னுல்ல சொன்னாளுக," என்றாள் வினோதா. மூக்கை உறிஞ்சினாள். "எங்க சின்னமுத்து சித்தப்பாவா அது?"

கீழே யோகேஸ்வரன் மண் குவியலில் உட்கார்ந்துவிட்டான். ஊர் ஊராக, பஸ் பஸ்ஸாக, குவைத்துவரை போன பாட்டு அவனுடைய அப்பாவின் டோர்ச் வெளிச்சம் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

கேஷிகாவுக்கும் இப்போதுதான் தெரிந்தது. அப்பா மைக்கில் சொன்னது பெயர், ஊர், உறவு, எடுக்கும் நேரம். அவ்வளவுதான் அவரைச் சொல்லச் சொன்னார்கள். அந்தக் கடதாசியில் எழுதாமல் விட்டதையெல்லாம் திரும்பி வரும் வழியில் பாடியிருக்கிறார். இத்தனை வருஷமாக இந்தத் தோட்டத்துச் சாவு ஒவ்வொன்றையும் அவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். தோட்டம் கேட்டது முதல் தடவையை மட்டும்.

பைஸர் நிறுத்த வேண்டும். ஒன்றே ஒன்று என்றுதான் பேச்சு. அவருடைய விரல் பட்டனுக்கு மேலே நின்றது. கேஷிகா அவர் விரலைத்தான் பார்த்தாள். அது இறங்கவில்லை.

அடுத்தது வந்தது. தேயிலை ஸ்டோர் வேலைக்குப் போன ஒருத்தி, ஒற்றைச் செருப்போடு ஏற்றம் ஏறியது பற்றி. கூட்டத்தின் பின்னால் ஒரு பிள்ளைக்காரி, "அம்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கடுத்தது சீட்டாட்டத்தில் கள்ளம் செய்கிற ஒருவரைப் பற்றி. சோகமான மெட்டில் அந்தக் கள்ளத்தனத்தை வரிசைப்படுத்தியதில் நான்கைந்து பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

"இந்தக் கூத்த அவன் உசுரோட இருக்கயில பாடியிருந்தா நான் இன்னுமொரு பத்து வருசம் கூட இருந்திருப்பேன்," என்றாள் ராக்காயி.

"நீ இன்னும் இருக்கியே ஆத்தா."

"அட ஆமா."

"போதும், நிறுத்துங்க நானா," என்றார் அழகையா. "நேரமாகுது."

பைஸர் கையை நீட்டுவதற்குள் அடுத்த அறிவித்தல் பேசத் தொடங்கிவிட்டது.

"...செல்லக்கண்ணு அவர்கள். இவர், அழகையா அவர்களின் அன்பு மனைவி..."

பைஸர் கையை எடுத்துக்கொண்டார். அழகையா திரும்பவும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் ரோட்டின் ஓரத்துக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி, தேயிலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

*விடியலுக்கு முன்ன ஆத்துல யாரு – அங்க*
*வெட்கப்பட்டுத் தொவைக்கிற ஆளப் பாரு*
*கத்திரிப்பூச் சேல கல்லுல காயுது – அதக்*
*கட்டிக்கப் போறவ காய்ச்சல்ல சாயுது*

*அலசி அலசிப் புழிஞ்சவரே – அவ*
*அழுக்கா வச்சுட்டுப் போகலியே*
*பெட்டிக்குள்ள மடிச்ச சேல – அவ*
*போன வழியச் சொல்லலியே*

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழகையா துணி துவைத்தாரா? கொழுந்து மலையில் பெண்களை விரட்டி விரட்டி வேலை வாங்கிய அழகையாவா? பெண்டாட்டி படுக்கையில் கிடந்த நாட்களில், யார் கண்ணிலும் படாமல் இருட்டோடு ஆற்றுக்கு இறங்கிப் போய், அவள் சேலையை அலசிக்கொண்டு வந்தாரா? விடிகாலையில் எங்கேயோ ஒரு சாவைச் சொல்லப் போன ஆண்டியப்பன் பாலத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தத் தோட்டம் அதை ஒரு மாசம் வைத்துச் சிரித்திருக்கும்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தது. பைஸர் பெட்டியை அணைத்தார்.

கேஷிகா பென் டிரைவைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அது சூடாக இருந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று. காப்புக் கட்டாதவள் என்பதால் சரிவில் இறங்கினாள். ஈர மண்ணில் கால் வழுக்கியது. யோகேஸ்வரன் எழுந்து நின்றான். அவள் கையை நீட்டினாள்.

"அண்ணே, இந்தாங்க."

அவன் வாங்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், சின்னப்பிள்ளை மாதிரி.

"எங்கப்பாவ ஒரு தடவ பொதைச்சது போதும் தங்கச்சி," என்றான்.

மேலே எல்லோரும் அழகையாவின் முதுகைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பழைய கங்காணிக் குரல்தான் வந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது.

"என்னா எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறீங்க? யாராச்சும் போய் ஒரு வாழைய வெட்டிக்கிட்டு வாங்க! பானை ஏத்த வேணாமா?"

"எங்க கொல்லையில நிக்கிறத வெட்டுங்கடா," என்றாள் ராக்காயி. "எனக்கு வெட்டுன குழி. என் பேருல என் மரமே போகட்டும். தாராளமா நீட்டிப் படுக்கட்டும்."

நான்கு பேர் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். பூசாரி சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். வினோதா புது விறகுக்கு ஆள் அனுப்பினாள். ஆட்டோவைச் சுற்றி மட்டும் ஒரு கூட்டம் நகராமல் நின்றது. எங்க அண்ணனுக்கு இருக்கா, எங்க மாமியாளுக்கு இருக்கா, அதுக்கு என்ன பாடினாரு என்று பைஸரைப் பிய்த்து எடுத்தார்கள். அவர், "எல்லாம் இரிக்கு, எல்லாம் இரிக்கு, பொங்கல் முடியட்டும்," என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். ஒருத்தி கேஷிகாவின் தோளைத் தொட்டு, "ஒங்கப்பாவ எங்க பிள்ளை கல்யாணத்துக்கு நாங்க கூப்புடல்ல, மனசுல வச்சுக்காதடி," என்றாள். கேஷிகா தலையை மட்டும் ஆட்டினாள்.

கூட்டம் ஒருவழியாகக் கலைந்தது. வாழை குழிக்குள் போய், மண் விழும் சத்தம் கீழே கேட்டது. கோயில் மணியும் அடித்துவிட்டது. அழகையா போகவில்லை. கூட்டம் போகட்டும் என்று காத்திருந்தவர் போல மெதுவாக ஆட்டோவிடம் வந்தார். கேஷிகாவை நேராகப் பார்க்காமல் காப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"சும்மாதான் வந்தேன் பொண்ணு," என்றார். "அத இன்னொருக்கா போடச் சொல்லு... இத்தன நாளா நான் அந்தக் கத்திரிப்பூச் சேலய நீலம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."